ரெண்டரை ஓட்டு

என் மாப்பிள்ளை, அதாவது வீட்டுக்காரர், ஜுஹைருக்கு நாலு பேர் முன்னால் சொல்லத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான். டெக்சஸின் பிளானோவில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் யார் வீட்டில் நடந்தாலும் சரி, பிரியாணி ட்ரேயின் ஃபாயிலைப் பிரித்து, ஆளுக்கொரு பேப்பர் தட்டோடு உட்கார்ந்ததும் யாராவது எலெக்‌ஷன் பேச்சை எடுப்பார்கள். அது 2008. கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனாலும் எலெக்‌ஷன் பேச்சுதான். பேசுகிறவர் வாய் மூடுவதற்குள் இவர் தொண்டையைக் கனைப்பார். ஆரம்பித்துவிட்டார் என்று நான் தயிர்ப் பச்சடி எடுக்க எழுந்து போய்விடுவேன்.

“நாங்க லண்டன்ல இருந்தப்ப ஒரு பை-எலெக்‌ஷன் வந்துச்சு. பிரென்ட் ஈஸ்ட் தொகுதி. லேபர் கட்சிக்கு அது கோட்டை. எங்க வீட்டு ரெண்டரை ஓட்டுதான் அதைக் கவுத்துச்சு.”

ரெண்டு என்பது அவரும் நானும். அரை என்பது அப்போது என் வயிற்றில் இருந்த ஃபைஹா. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். புதிதாக வந்த யாராவது, “பாஸ்போர்ட் இந்தியா, லண்டன்ல எப்படி ஓட்டு பாய்?” என்று கேட்பார்கள். அதற்காகத்தான் இவர் காத்திருப்பார்.

“காமன்வெல்த் நாட்டுக்காரன் யார் அங்க குடியிருந்தாலும் ஓட்டு உண்டு. நம்மள அத்தனை வருஷம் ஆண்டவன், ஒரு ஓட்டாச்சும் தரவேணாமா?”

மசாலாவை எடுத்துவிட்டுப் பார்த்தால் கதை உண்மைதான். 2003 செப்டம்பரில் அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. ஈராக் போருக்குப் பிறகு ஜனங்கள் கொதித்துப்போயிருந்த நேரம். பல வருஷமாக லேபர் ஜெயித்த இடத்தை லிபரல் டெமாக்ரட்காரர்கள் பிடித்தார்கள். வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் எங்கள் ரெண்டரை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது இவருடைய கேள்வி. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் மறுத்ததில்லை. அந்த நாளை யார் எப்படிச் சொன்னாலும் எனக்குக் கேட்கப் பிடிக்கும்.

லண்டனில், டாலிஸ் ஹில்லில் ஒரு சலூனுக்கு மேலே இருந்தது எங்கள் வீடு. ஒரே ஒரு பெட்ரூம். ஜன்னல் முழுசாக மூடாது. ஹீட்டரைப் போட்டால் டக்டக்கென்று சத்தம் வரும், சூடு வராது. கல்யாணமாகி நான் ஏறி வந்த முதல் வீடு அது. இங்கே டெக்சஸில் கிச்சனே அந்த வீட்டளவு இருக்கிறது. சமைக்கும் இடத்திலிருந்து சோபாவில் இருக்கிறவரைக் கூப்பிட ஃபோன் பண்ணலாம் போலிருக்கும். ஆனாலும் வருஷத்துக்கு நாலு நாள் இங்கே மழை தூறினால், என் மனசு அந்தக் குறுகிய மாடிப்படிக்குத்தான் ஓடும். ஈரக்குடையை அந்தப் படியில்தான் விரித்து வைப்போம். இறங்குகிறவர்கள் அதைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். அந்த வீட்டை நான் ரொம்பத் தேடுகிறேன். இதை வெளியே சொன்னால், கிறுக்கா உனக்கு, அங்கே என்ன இருந்தது என்பார்கள்.

ஓட்டுக்கு நான் ஏன் அப்படி ஆலாய்ப் பறந்தேன் என்றால், அதற்கு ஊரில் நடந்த ஒன்று காரணம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து பூத்தில் என் முதல் ஓட்டு. அக்காள் முறையான ராத்தாமாரோடு, புதுத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனேன். உள்ளே இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “உங்க ஓட்டைப் போட்டாச்சேம்மா” என்றார். யார் போட்டார்கள் என்று கேட்டேன். நீங்கதான் என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ராத்தாமார் விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது. என் விரல் வெறுமனே இருந்தது. அன்றைக்கு அழுததை நிக்காஹ் முடிந்த கையோடு மச்சானிடம், இவரை நான் கூப்பிடுவது அப்படித்தான், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

லண்டனில் ஓட்டு உண்டு என்று தெரிந்ததும் நச்சரித்துப் பெயர் கொடுக்கச் சொன்னேன். எழுத்து வேலையெல்லாம் அவரே பார்த்தார். என் பெயருக்கு வாக்குச்சாவடி கார்டு வந்தது. காந்தம் வைத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். “உங்களது எங்க?” என்றேன். ஆபீஸ் பையில் இருக்கிறது என்றார்.

அது ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து எனக்குப் பயம். தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. அபாயாவோடு தெருவில் நடந்தால் சிலர் நின்று பார்த்த வருஷம் அது. இங்கேயும் உள்ளே போய், உன் ஓட்டைப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மச்சான் ஏழு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பால் கேனோடு திரும்பி வந்தார்.

“போட்டுட்டேன் புள்ள. ரொம்ப ஈஸி. ஒரு வயசான லேடி இருக்கு. பேரைச் சொல்லு, சீட்டுத் தருவாங்க. பென்சிலை நூல்ல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, பெருக்கல் குறி போடு. அப்புறம் விரல்ல மை வெப்பாங்க. அவ்வளவுதான்.”

“நீங்களும் கூட வாங்களேன்.”

“எனக்கு மீட்டிங். நீ போயிட்டு வா. ஒண்ணும் பயமில்ல.”

அவர் போன பிறகும் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டுத்தான் இறங்கினேன். பள்ளிக்கூடத்து ஹாலில் அவர் சொன்ன மாதிரியே வயசான லேடி. என் பெயரைத் தப்பும் தவறுமாக வாசித்தார், ஆனால் இருந்தது. யாரும் போட்டிருக்கவில்லை. பென்சில் நூலில்தான் தொங்கியது. குறி போட்டேன். பெட்டியில் போட்டுவிட்டு அந்த லேடியிடம் போய் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்த விரலையே பிடித்துக் குலுக்கி, “தேங்க் யூ டியர்” என்றார். அந்த ஊரில் மையே கிடையாதாம்.

சாயங்காலம் இதைச் சொன்னபோது மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “மை வெப்பாங்கன்னீங்களே?” என்றதற்கு, உன்னைச் சீண்டத்தான் சொன்னேன் என்றார். அவரிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. வெளியே வந்து பள்ளிக்கூடத்து கேட்டருகில் நின்றபோது அந்த வெறும் விரலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து கண் மை பென்சிலை எடுத்து, நகமும் சதையும் சேரும் இடத்தில் நானே ஒரு கோடு இழுத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சின்னப்பிள்ளைத்தனமான காரியம் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ரேடியோவில் செய்தி வந்தது, லேபர் தோற்றது என்று. மச்சான் முட்டையைக் கரண்டியில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே ஆடினார். அந்த டிசம்பரில் கம்பெனி எங்களை டெக்சஸுக்கு அனுப்பியது. பிப்ரவரியில் ஃபைஹா பிறந்தாள்.

2008 ஜூலையில் கிளாஸ்கோவில் இன்னொரு இடைத்தேர்தலில் லேபர் தோற்றது. ஜும்மாவுக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “பாத்தியா, நாம தொடங்கி வெச்சது” என்று மார்தட்டினார். அன்றைக்குத்தான் தபாலும் வந்தது. கிரீன் கார்டு இன்டர்வியூ, ஆகஸ்டில், ரெண்டு பேரும் வரவேண்டும்.

மார்தட்டல் அன்றோடு சரி. அவர் ஆபீஸில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது வேலை போய் அட்டைப்பெட்டியோடு கார் பார்க்கிங்குக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கார்டு வருமுன் வேலை போனால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஆகையால் ஒரு சனிக்கிழமை இமிக்ரேஷன் வக்கீல் சாரதாவிடம் போய் உட்கார்ந்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள், பேச்சில் கறார். கேள்வி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் ஓட்டு விஷயத்தில் நிறுத்தினார்.

“எலெக்‌ஷன் வருஷம், அதனால இதைக் கேக்கறா. சிட்டிசன் இல்லாதவா இங்க ஓட்டுப் போட்டிருந்தா ஊருக்கு அனுப்பிடுவா. எப்பவாவது ஓட்டுப் போட்டிருக்கேளான்னா ரெண்டு பேரும் நோ. அதுக்கு மேல கதை வேண்டாம்.”

“நான் போட்டிருக்கேனே மேடம், லண்டன்ல.”

“அவா கேக்கறது அமெரிக்காவைப் பத்தி.”

“அமெரிக்காவுலன்னு கேட்டா நோ சொல்றேன். சும்மா ஓட்டுப் போட்டிருக்கியான்னு கேட்டா எஸ்தான் சொல்வேன்.”

மச்சான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். காரில் ஏறியதும் தொடங்கியது சண்டை.

“ஒரே ஒரு நோ. அதுல உனக்கு என்ன குறைஞ்சிரும்? அஞ்சு வருஷம் வெயிட் பண்ணியிருக்கோம் ஆஸிபா.”

“ஊர்ல என் ஓட்டை எவனோ போட்டுட்டான். இங்க எனக்கு ஓட்டே இல்ல. நடுவுல ஒரே ஒரு வியாழக்கிழமை என்னைய ஒரு ஆளா மதிச்சு கேட்டாங்க. அதையும் நானே இல்லைன்னு சொல்லணுமா? பாட்லக்குக்கு பாட்லக் ரெண்டரை ஓட்டுன்னு நீங்கதானே மச்சான் சொல்றீங்க?”

“பாட்லக் வேற, இமிக்ரேஷன் வேற.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

பின் சீட்டிலிருந்து ஃபைஹா, “வை ஆர் யூ ஃபைட்டிங்?” என்றாள். ஓட்டுக்காக என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்டர்வியூ அன்று மச்சான் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பட்டன் எட்டவில்லை. ஆபீசர் அறுபதை நெருங்கியவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. உண்மையே சொல்வோம் என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தோம். விட்டுவர ஆளில்லாமல் கூடவே கூட்டிவந்த ஃபைஹாவும் தூக்கினாள். முதலில் மச்சானைக் கேட்டார். வேலை, சம்பளம், முகவரி, போலீஸ் கேஸ் உண்டா, இயக்கம் எதிலாவது சேர்ந்திருக்கிறாயா. பிறகு, “எப்போதாவது ஓட்டுப் போட்டதுண்டா?”

“நோ.”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்கூட அசையவில்லை. பிளானோ முழுக்கத் தம்பட்டம் அடித்த வாய், சத்தியம் செய்த சூட்டோடு அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்த மாடிவீடு, அந்த முட்டைக் கரண்டி, எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. என் முறை வந்தது. அதே கேள்வி.

“யெஸ் சார். ஒரு தடவை.”

அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. எங்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரதா மேடம் நிமிர்ந்தார். எங்கே என்று கேட்டார் ஆபீசர். லண்டன், பிரென்ட் ஈஸ்ட், பை-எலெக்‌ஷன் என்றேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எப்படி என்றார். மச்சான் ஊருக்கெல்லாம் சொல்லும் அந்த விளக்கத்தை நானே சொன்னேன். அமெரிக்காவில் உண்டா என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார். அதோடு விட்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

“அப்படியானால் உங்கள் கணவர் ஏன் போடவில்லை?”

“அவரும் போட்டார் சார். இப்ப பயத்துல இல்லைங்கிறார்.”

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னான் என்று அரசாங்க ஆபீசர் முன்னால் என் மாப்பிள்ளையை நானே காட்டிக்கொடுத்திருக்கிறேன். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி ஃபைல் மேல் வைத்தார். “சார், நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள்” என்று மட்டும் சொன்னார். மச்சானின் காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். அல்லாஹ்வே, என் வாயை அடைத்திருக்கக்கூடாதா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

மச்சான் என்னைப் பார்க்காமல் பேசினார். “சார், நான் உண்மையைத்தான் சொன்னேன். நான் ஓட்டுப் போடவில்லை. பட்டியலில் என் பெயரே கிடையாது. இவள் பெயரை மட்டும்தான் கொடுத்தேன்.”

“மனைவி போட்டீர்கள் என்கிறாரே?”

“அவளிடம் பொய் சொன்னேன்.”

“எவ்வளவு காலமாக?”

“அன்றையிலிருந்து.”

ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று ஆபீசர் கேட்டார். கோட்டின் பட்டன் இடத்தைப் பிடித்துக்கொண்டு மச்சான் சொன்னார். அந்த வருஷம் அவர் பெயரைச் சொன்னாலே ஏர்போர்ட்டில் தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அமெரிக்க விசாவுக்கு அப்போதுதான் கம்பெனி அப்ளை பண்ணியிருந்தது. எந்த நாட்டுப் பட்டியலிலும் தன் பெயர் இருக்கவேண்டாம் என்று பயந்துவிட்டார். “என் பெயர் அப்படி, சார்” என்றார்.

ஆபீசர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “உங்களுக்கு இது இப்போதுதான் தெரிகிறது, இல்லையா?”

என் முகமே சாட்சியாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினேன். ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனைவியிடம் சொன்ன பொய்யை விசாரிப்பது தன் இலாகா இல்லை என்றார். எதையோ எழுதினார். ஒரு முத்திரை குத்தினார். கார்டு தபாலில் வரும், வாழ்த்துகள் என்றார். சாரதா மேடம் லிஃப்டில் இறங்கும்போது, “இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஜோடியை நான் பாக்கலை” என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கார் டோல்வே சாலையில் ஏறியது. ஃபைஹா தூங்கிவிட்டாள். ஐந்து வருஷம் காத்திருந்தது கையில் வந்துவிட்டது, சந்தோஷப்படவேண்டிய நேரம். எனக்கோ அந்த வியாழக்கிழமைதான் ஞாபகம். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அதில் இருந்தோம். இப்போது பார்த்தால் அந்த ஹாலில் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

“பேசு புள்ள” என்றார்.

“பென்சில் நூல்ல தொங்கும்னு எப்படித் தெரியும்?”

“கதவு வழியா எட்டிப் பாத்தப்ப லேடி மட்டும்தான் தெரிஞ்சுது. ஊர்ல பேங்க்ல பேனாவை அப்படித்தானே கட்டியிருப்பாங்க. குத்துமதிப்பா சொன்னேன்.”

“மை?”

“அதுவும் ஊர் ஞாபகம்தான். அது மட்டும் தப்பாப் போச்சு.”

“கூடவாச்சும் வந்திருக்கலாம்ல மச்சான். வயித்துப் பிள்ளைக்காரியைத் தனியா அனுப்பிட்டு நிம்மதியா வேலைக்குப் போயிட்டீங்க.”

“உள்ள வந்தா என் பேர் இல்லைன்னு அந்த லேடி சொல்லியிருக்கும். நீ அங்கேயே பயந்து திரும்பியிருப்ப. நான் போட்டுட்டேன்னு நெனச்சாத்தானே நீ போவ.” கண்ணாடியில் பார்த்து லேன் மாறினார். “நான் வேலைக்குப் போகல. ஸ்கூலுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புலதான் நின்னேன். நீ வர ஒரு மணி நேரம் ஆச்சு. பஸ் எல்லாம் நின்னு நின்னு போச்சு. டிரைவர் ஒருத்தன் திட்டிட்டே போனான்.”

“இதுவும் பாட்லக் கதைதானே” என்றேன். இனி இந்த ஆள் சொல்வது எதையும் நம்புவதாக இல்லை நான்.

மச்சான் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ வெளிய வந்து கேட்டுக்கிட்ட நின்ன. விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்த. அப்புறம் பையிலேருந்து கண் மை எடுத்து நீயே கோடு போட்டுக்கிட்ட. வீடு வரைக்கும் அந்த விரலை மட்டும் தூக்கிக்கிட்டுப் போன. நீ மாடி ஏறின பிறகுதான் நான் ட்யூப் ரயில் பிடிச்சேன்.”

நான் அழுதுவிட்டேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டிஷ்யூ பெட்டியைத் தேடினார். அது பின் சீட்டில், ஃபைஹாவின் காலடியில் கிடந்தது.

ரமலான் பிறந்த வாரம் ஒருவர் வீட்டில் இஃப்தார். பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்து பிரியாணி ட்ரே திறந்ததும் யாரோ எலெக்‌ஷன் பேச்சை எடுத்தார்கள். மச்சான் தொண்டையைக் கனைத்தார். “எங்க வீட்டு ஒண்ணரை ஓட்டுதான்” என்று ஆரம்பித்தார். பச்சடி எடுக்க எழுந்த நான் அப்படியே நின்றேன்.

“ரெண்டரை” என்றேன். “சரியாச் சொல்லுங்க மச்சான்.”